வித்தியாசம் இல்லை

புதிதாக ஒரு கருவியைச் செய்தவன், அது புதிதே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். மங்கையர்க்கரசி சம்பளம் வாங்குவது இந்த ஒரு வேலைக்காகத்தான். மனித உடம்புக்குள் வைக்கும் சாமான் எதுவானாலும் சந்தைக்குக் கொண்டுவர இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு வைத்து, வருடக்கணக்கில் சோதித்துக் காட்டுவது. மற்றது, ஏற்கெனவே அனுமதி வாங்கிய ஒரு பழைய கருவியைப் பக்கத்தில் நிறுத்தி, 'அதுவும் இதுவும் ஒன்றுதான், அதற்குக் கொடுத்தீர்களே, இதற்கும் கொடுங்கள்' என்று ஆணையத்திடம் கேட்பது. முதல் வழியில் போகிற கம்பெனி பாதி வழியிலேயே திவாலாகிவிடும். ஆகவே எல்லாரும் இரண்டாவது வழியில்தான் போவார்கள்.

பக்கத்தில் நிறுத்தும் அந்தப் பழைய கருவிக்கு ஒப்புக்கருவி என்று பெயர். ஒரகடத்தில் அரசியின் அலுவலகத்தில் அதை 'மாப்பிள்ளை' என்பார்கள். நல்ல இடமாக இருக்க வேண்டும், கெட்ட பேர் எடுத்திருக்கக் கூடாது, நம் பெண்ணோடு பொருந்த வேண்டும். இந்த மாப்பிள்ளை தேடும் வித்தையில் அரசியை மிஞ்ச ஆளில்லை. வியர்வையில் சர்க்கரை அளக்கும் மோதிரத்தை ஒரு பழைய காய்ச்சல்மானிக்கு ஜோடியாக்கி அனுமதி வாங்கியவள் அவள். அந்தக் கதையைச் சொல்லித்தான் புதிதாகச் சேருகிறவர்களை அலுவலகத்தில் பயமுறுத்துவார்கள்.

இந்தத் தடவை மட்டும் அவளுக்குக் கை ஓடவில்லை. அவள் பார்த்துவைத்த மாப்பிள்ளை அவள் மகளின் தலைக்குள் இருந்தது.

அந்தக் கருவியின் பெயர் சமன். வலிப்பு வராமல் தடுப்பது அதன் வேலை. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து மூளைக்குப் போகும் மயிரிழைக் கம்பிகள். மகள் ஆதிரைக்கு ஒன்பது வயதில் அதை வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடங்களை அரசி நினைக்கவே பயப்படுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலே செருப்புகூடப் போடாமல் ஓடுவாள். சமன் வைத்த நாளிலிருந்து ஒரு வலிப்பும் இல்லை. அந்தக் கருவியைச் செய்தவர்கள் இருந்த திசை நோக்கி அரசி கும்பிட்டிருக்கிறாள்.

ஆதிரைக்கு அப்போதெல்லாம் ஒரு சிரிப்பு உண்டு. ஆரம்பித்தால் நிற்காது, கடைசியில் விக்கலில் போய்த்தான் முடியும். டிவியில் நகைச்சுவை போட்டால் அப்பா பெருமாள் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். சமன் வைத்த பிறகும் சில வருடம் அந்த டம்ளருக்கு வேலை இருந்தது. அப்புறம் எப்போதோ அது நிரம்பியபடியே சமையலறைக்குத் திரும்பிப் போக ஆரம்பித்தது. பெண் பெரியவளாகிறாள், அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். அக்கம்பக்கத்தில் மெச்சிக்கூடப் பேசினார்கள். போன வருடம் வாசலில் பைக்கோடு விழுந்து பெருமாளின் முழங்கால் எலும்பு வெளியே தெரிந்தபோது, ஆதிரை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், துணியால் கட்டுப் போட்டாள், எல்லாம் கனகச்சிதம். வண்டி வந்ததும் அம்மாவைப் பார்த்து, "நான் டியூஷனுக்குக் கிளம்பவா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் இது அடக்கம் இல்லை என்று அரசிக்குப் பட்டது.

அதன் காரணத்தைச் சொன்னவன் ஜோயல். மார்த்தாண்டத்துப் பையன், அரசியின் கம்பெனிக்காக 'தென்றல்' என்ற புதிய கருவியை வடிவமைத்த பொறியாளன். கேன்டீனில் டீயை ஆறவைத்துவிட்டுப் பேசுவது அவன் வழக்கம்.

"வலிப்புன்னா என்னக்கா, மூளையில ஒரு அலை திடீர்னு பொங்குறது. சமன் அது பொங்குறதுக்கு முன்னாடியே அமுக்கிரும். நல்ல வேலதான். ஆனா அது தினமும் கத்துக்கிடுதுல்லா, அங்கதான் வினை. சிரிப்பும் பொங்குறதுதான். அழுகை, கோவம், பயம், எல்லாமே பொங்குறதுதான். வருஷம் போகப் போக அதுக்கு எல்லாமே வலிப்பாத் தெரிய ஆரம்பிச்சிரும். எது தலையத் தூக்கினாலும் அமுக்கும்."

"இத்தனை ஆயிரம் பேருக்கு வெச்சிருக்காங்க. ஒரு புகார்கூட வரலயே ஜோயல். நானே தேடிப் பார்த்தேன். பத்து வருஷத்துல ஒண்ணுகூட இல்ல."

"புகார் குடுக்கக் கோவம் வரணும்லாக்கா."

அரசி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அப்பழுக்கில்லாத அந்தப் பதிவைப் பார்த்துத்தான் அவள் சமனை மாப்பிள்ளையாகத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"அத நிறுத்திட்டா?"

"பட்டுனு நிறுத்தினா, அடக்கி வெச்ச வலிப்பு மொத்தமும் வரிசை கட்டி வரும். ஆளு தாங்காது. அத எடுத்துட்டு இன்னொரு கருவிய உள்ள வெச்சு, கொஞ்சங்கொஞ்சமாத் தளர்த்தணும். தென்றல் அதுக்குத்தான். வலிப்ப மட்டும் பிடிக்கும், மத்தத விட்ரும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துக்குள்ள செஞ்சாகணும்க்கா. அதுக்கு மேல சிரிப்பு, அழுகை வர்ற பாதையெல்லாம் தூந்துபோயிரும். அப்புறம் தெறந்துவிட்டாலும் ஒண்ணும் வராது."

நோயாளிகளிடம் சோதித்து அனுமதி வாங்கும் முதல் வழிக்கு நான்கு வருடமாவது ஆகும். கணக்குப் போட அரசிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒப்புக்கருவி வழிதான் ஒரே வழி. வலிப்புக்காகத் தலைக்குள் வைக்கும் கருவி என்று சந்தையில் இருந்தது சமன் ஒன்றுதான். மற்றது தலையில் மாட்டும் ஒரு தொப்பி. அதை ஆணையம் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒப்பிட்டுக் காட்டுவதற்காக மட்டும் தென்றலைச் சிலருக்கு வைத்துப் பார்க்க ஆணையம் சம்மதித்திருந்தது. ஊழியர் வீட்டு ஆட்களை அதில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அரசி கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் தஞ்சாவூர் வைத்திலிங்கம், வங்கியில் வேலை பார்த்தவர். நெடுநாள் சமனை வைத்திருந்துவிட்டுத் தென்றலுக்கு மாறியவர். ஒருநாள் ஜோயல் கண்ணைத் துடைத்துக்கொண்டே அரசியின் மேசைக்கு வந்தான்.

"வைத்திலிங்கம் சார் போன் பண்ணினாருக்கா. உங்க ஆஸ்பத்திரி காபிய மனுசன் வாயில வைக்க முடியுமாடான்னு கத்துறாரு. கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிட்டாரு. அவரு பொஞ்சாதி பின்னாடி நின்னு அழுறது கேக்குது, சந்தோசத்துல."

அன்று அரசி வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு புது டம்ளர் வாங்கினாள். தேவையே இல்லை, சும்மா வாங்கினாள்.

சோதனை முடிவுகள் வந்தபோதுதான் இடி விழுந்தது. இரண்டு கருவிகளையும் ஒப்பிட ஆணையம் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: ஒரு மணி நேரத்தில் எத்தனை அலைகளைக் கருவி தப்பவிடுகிறது என்பது. சமன் அநேகமாக எதையும் விடவில்லை. தென்றல் அள்ளி அள்ளி விட்டிருந்தது.

துறைத் தலைவி சுபாஷிணி முடிவுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி நெஞ்சு காய்ந்தவர்.

"அரசி, இதப் பார்த்தா நம்ம கருவி பழசவிட மோசம்னுல்ல இருக்கு."

"மேடம், அதெல்லாம் வலிப்பு இல்ல, சிரிப்பு" என்றான் ஜோயல்.

"சிரிப்புக்கு அட்டவணையில எங்கப்பா கட்டம் இருக்கு? சமன்ல வராத ஒண்ணு நம்மகிட்ட வருது. அப்ப ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒண்ணு இல்லன்னா நாலு வருஷச் சோதனை. நாலு வருஷத்துக்குப் பணம் தர யாரும் இல்ல. இழுத்து மூட வேண்டியதுதான்."

அரசிக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்தத் தொழிலை இத்தனை வருடம் செய்தவளுக்குத்தான் அது தோன்றும். வேறு யாருக்கும் அந்தத் தைரியமோ, அந்த முட்டாள்தனமோ வராது.

"அலையப் பிரிக்கிற சல்லடையச் சமன் அளவுக்கு இறுக்கிடுவோம்" என்றாள். "தென்றலோட சக்தியெல்லாம் உள்ளயே இருக்கட்டும், பூட்டி வைப்போம். ரெண்டும் ஒண்ணுன்னு அனுமதி வாங்குவோம். அப்புறம் ஒரு சின்ன மாற்றம்னு போட்டு பூட்டத் திறப்போம். சின்ன மாற்றத்துக்குப் புதுச் சோதனை வேண்டாம். பெரிய வித்தியாசத்தை நறுக்கி நறுக்கித்தான மேடம் நாம எப்பவும் கொண்டுபோறோம்?"

ஜோயல் அவளையே பார்த்தான். "இப்ப வெச்சிருக்கவங்களுக்கும் பூட்டணுமேக்கா. எல்லாருக்கும் ஒரே அளவு இருந்தாத்தான ஒப்பிட முடியும்."

"கொஞ்ச காலத்துக்குத்தான் ஜோயல்."

அவன் பூட்டினான். பத்து நாள் கழித்து வைத்திலிங்கத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, காபி எப்படி இருக்கிறது என்று கேட்டான். "பரவாயில்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். பின்னால் யாரும் அழுகிற சத்தம் கேட்கவில்லை. ஜோயல் போனை வைத்துவிட்டு அரசியைப் பார்க்காமல் எழுந்து போனான்.

விண்ணப்பத்தின் முக்கியமான அட்டவணையை அரசியே எழுதினாள். இடப்பக்கம் சமன், வலப்பக்கம் தென்றல், கடைசியில் வித்தியாசம். பக்கவிளைவுகள் என்ற பகுதிக்கு வந்தபோது நின்றாள். எதையும் மறைக்கக் கூடாது என்பதில் அவள் கறார். மறைத்துப் பின்னால் மாட்டிக்கொண்டால் மொத்தமும் போய்விடும். ஆகவே சிரிப்பு, அழுகை, கோபம் ஆகியவை மங்குவதை இரண்டு பக்கமும் உள்ளபடியே எழுதினாள். கடைசிக் கட்டத்தில் 'வித்தியாசம் இல்லை' என்று போட்டாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வீட்டில் பெருமாள் ஒத்துக்கொள்ளவில்லை. காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், இன்னும் சரியாக மடக்க வரவில்லை.

"திரும்பவும் மண்டையத் திறக்கணுமா? எதுக்கு? வலிப்பு வந்து நாக்கக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாளே, மறந்துபோச்சா உனக்கு? இப்ப நல்லாப் படிக்கிறா, நேரத்துக்குத் தூங்குறா. சிரிக்கலன்னா என்ன கெட்டுப்போச்சு. உயிரோட இருக்காள்ல."

"நீங்க ரத்தத்தோட கெடந்தப்ப டியூஷனுக்குப் போகவான்னு கேட்டாளே உங்க பொண்ணு."

பெருமாள் முழங்காலைத் தடவிக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து ஆதிரை வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

"உனக்கு வேணுமாம்மா, ஆபரேஷன்?" என்று பெருமாள் அவளையே கேட்டார்.

ஆதிரை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது. "எனக்கு வேணும்னும் இல்ல, வேணாம்னும் இல்லப்பா. அம்மாவுக்கு வேணும்னா சரி."

எட்டு மாதத்தில் அனுமதி வந்தது. கேள்வி ஒன்றுகூட இல்லாமல் வந்த அனுமதி என்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அன்றைக்கே தென்றலின் மென்பொருளுக்கு ஆணையத்தின் மின்முத்திரை விழுந்தது. இனி அவர்கள் சம்மதம் இல்லாமல் ஜோயலே நினைத்தாலும் அதற்குள் ஒரு புள்ளியை அசைக்க முடியாது. சந்தையில் தென்றலை வைத்துக்கொண்ட முதல் சிலரில் ஆதிரையும் ஒருத்தி. சமனை எடுத்து, அந்தக் குழியிலேயே தென்றலை வைத்தார்கள். கண் விழித்ததும், "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். நர்ஸ் அவள் பொறுமையைப் பாராட்டினாள். 'இன்னும் கொஞ்ச நாள்தான்டி' என்று அரசி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சின்ன மாற்றத்துக்கான விண்ணப்பம் மறு வாரமே போனது. பதில் வரவில்லை. நினைவூட்டினாள், வரவில்லை. மாதங்கள் போயின. ஜோயல் சொன்ன இரண்டு வருடத்தில் முக்கால்வாசி கரைந்த பிறகு, நேரில் வரச் சொன்னார்கள்.

ஆணையத்தின் அதிகாரி ஜமாலுதீன் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். எதிரில் இருப்பவரை முழுதாகப் பேசவிட்டுக் கேட்கிற மனிதர். அரசி முதலில் தொழில்முறையாகப் பேசினாள். பாதியில் மகளைப் பற்றியும் சொல்லிவிட்டாள். டம்ளரைப் பற்றிக்கூடச் சொன்னாள். அவர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா இத நான் எப்படிச் சின்ன மாற்றம்னு எடுத்துக்க முடியும்? ஒரு குறையச் சரி பண்றோம்னு எழுதியிருக்கீங்க. எது குறை?"

"உணர்ச்சி எல்லாம் மங்கிப்போறது சார்."

"அது குறைன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் எழுதிய அட்டவணைதான். "சமன்ல அது இருக்கு. தென்றல்லயும் அதே அளவு இருக்கு. வித்தியாசம் இல்லைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. ரெண்டு தனித்தனிக் கம்பெனி, ரெண்டு தனித்தனிக் கருவி, ரெண்டுலயும் ஒரே மாதிரி. அப்ப அது குறை இல்லம்மா. இந்த வகைக் கருவியோட இயல்பு. எங்க குழு அப்படித்தான் பதிவு பண்ணியிருக்கு. சமன் ஒண்ணு மட்டும் இருந்த வரைக்கும் அது சந்தேகத்துலதான் இருந்துச்சு. புகார்னு இல்ல, ஒரு டாக்டர் கடிதம் எழுதியிருந்தாரு, விசாரிக்கலாம்னு இருந்தோம். உங்க விண்ணப்பம் வந்ததும் அத முடிச்சு வெச்சுட்டோம்."

அரசி திரையில் தெரிந்த அந்தக் கடைசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இன்னும் மூணு கம்பெனி விண்ணப்பிச்சிருக்காங்க" என்றார் அவர். "மூணு பேருமே தென்றலத்தான் ஒப்புக்கருவியாக் காட்டியிருக்காங்க. நல்ல சுத்தமான விண்ணப்பம்மா உங்களோடது. புதுசா வர்றவங்களுக்கு அத மாதிரியாக் காட்டுறோம்."

"அப்ப நீளச் சோதனை பண்றோம் சார். நாலு வருஷம் ஆனாலும் பரவாயில்ல." அது பொய் என்று அவளுக்கே தெரியும். ஆதிரைக்கு நான்கு வருடம் இல்லை. அவளைப் போன்ற இன்னொரு பெண்ணுக்காவது இருக்கட்டும் என்று வாய் தானாகச் சொன்னது.

"பண்ணலாம். அதுக்கு நோயாளிகள் தாங்களா முன்வந்து, இப்ப இருக்கறது எங்களுக்குப் போதல, மாத்துங்கன்னு கேட்டு எழுதித் தரணும். உங்க மக கேப்பாங்களா?"

"கேக்க மாட்டா சார். அவளால கேக்க முடியாது."

ஜமாலுதீன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "யாருமே கேக்கறதில்லம்மா. கேக்கறதெல்லாம் வீட்டுல இருக்கவங்கதான்" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். லிஃப்ட் வரைக்கும் கூட வந்து வழியனுப்பினார்.

ஜோயல் வாசலில் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வண்டியில் ஏறும்போது, "நான் பூட்டியிருக்கக் கூடாதுக்கா" என்றான். நான் சொல்லித்தானே பூட்டினாய் என்று சொல்ல நினைத்தாள்.

வீட்டில் ஆதிரை சாப்பாட்டு மேசையில் கல்லூரிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பெருமாள் காலுக்குப் பயிற்சி செய்யப் போயிருந்தார். அரசி கைப்பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"முடியாதுன்னுட்டாங்க." எல்லாவற்றையும் சொன்னாள். அட்டவணையைச் சொன்னாள், தான் எழுதிய சொற்களைச் சொன்னாள், விசாரிக்க இருந்ததை அதுவே நிறுத்திவிட்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை பீறிட்டது. சின்ன வயதில்கூட அவள் அப்படி அழுததில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, மூச்சு முட்ட அழுதாள். ஆதிரை பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை முடியும் இடத்தில் அரசிக்கு விக்கல் எடுத்தது. ஆதிரை எழுந்து போய், புது டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிம்மா. விக்கல் நிக்கும்."

அரசி டம்ளரைத் தொடவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு என் மேல கோவமே வரலயாடி? உன் வாழ்க்கையையே பூட்டிட்டு வந்து நிக்கறேன். உன்னோடது மட்டும் இல்ல, எத்தனையோ பேரோடது. ஏதாவது சொல்லுடி. என்னத் திட்டுடி."

ஆதிரை அம்மாவின் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். அம்மாவுக்கு அது வேண்டியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்துகொள்வதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

"சரிம்மா" என்றாள். "நீ பண்ணது பெரிய தப்பு. நீ அப்படிப் பண்ணியிருக்கவே கூடாது. உன்ன மன்னிக்கவே மாட்டேன்."

பேருந்து எண்ணைப் படித்துச் சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு, டம்ளரை இன்னும் கொஞ்சம் அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"போதுமாம்மா?"

"போதும்டா" என்று சொல்லிவிட்டு அரசி தண்ணீரைக் குடித்தாள்.